வேலிக் கம்பம் வாங்கும் முன் வெட்டுமுகத்தைப் பாருங்கள்



ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்கடன் வாங்குவது நம் குழுக்களில் பழகிப்போன விஷயம். இப்போது மேய்ச்சல் காட்டுக்கு வேலி போடவும் கடன் கேட்டுத் தீர்மானம் எழுதுகிறோம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேலி உறுதியாக இருந்தால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு நாம் கூலி வேலைக்குப் போகலாம், கூட்டத்துக்கு வரலாம். மாடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. வேலி சாய்ந்தால் நம் ஆடு பக்கத்துக் காட்டு வெள்ளாமையில் புகும். அப்புறம் பேச்சு, சண்டை, பஞ்சாயத்து.

ஆனால் கடன் பாக்கி தீருவதற்கு முன்னாலேயே கம்பம் இற்று விழுந்த வேலிகளைக் களப்பணிக்குப் போகும் ஊர்களில் நாங்கள் பார்க்கிறோம். கம்பி நன்றாகத்தான் இருக்கும். கம்பம் மட்டும் தரையோடு ஒடிந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். தவணை அந்த அக்காவின் பெயரில் ஓடும். கம்பம் பார்த்து வாங்கி வந்தது யார் என்று கேட்டால், பெரும்பாலும் வீட்டு ஆண்கள், இல்லாவிட்டால் வண்டிக்காரர். பாஸ்புத்தகத்தில் பெயர் நம்முடையது என்றால் கம்பத்தைப் பார்த்துத் தேர்வு செய்யும் அறிவும் நம்மிடம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கம்பம் எந்த இடத்தில் இற்றுப் போகிறது?

ஒடிந்து விழுந்த ஒரு கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள். மேல் பகுதி காய்ந்து கெட்டியாக இருக்கும். அடி நுனிகூட பல நேரம் திடமாகவே இருக்கும். இற்றுப்போனது தரை மட்டத்தில், மண்ணுக்கு மேலும் கீழுமாக ஒரு சாண் இடம்தான்.

காரணம் எளிது. மரத்தை மக்கச் செய்வது ஒரு வகைப் பூஞ்சணம். அது வளர ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. தரை மட்டத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது. கரையானும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. மாடு உடம்பைத் தேய்க்கும்போதும் ஆடு முட்டும்போதும் முழு பாரமும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் விழுகிறது. ஆகவே கம்பம் பார்க்கும்போது நம் கேள்வி ஒன்றே: தரை மட்டத்தில் இந்தக் கட்டை எத்தனை வருஷம் தாங்கும்?

வைரமா, வெளிறா?

"ஏனுங்க, மொத்தமா இருந்தா நல்ல கம்பம்தானுங்களே?" என்று கூட்டங்களில் கேட்பார்கள். மொத்தத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் ஏமாந்துபோகிறோம்.

கம்பத்தின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நிறம் கறுத்த ஒரு வட்டம் தெரியும். அதுதான் வைரம். அதைச் சுற்றி வெளுத்த வளையம் இருக்கும். அது வெளிறு. மரம் உயிரோடு இருக்கும்போது வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது வெளிறு வழியாக. அதில் மாவுச்சத்து இருக்கும், பூச்சிக்குப் பிடித்த தீனி. மரம் வயதாக ஆக உள்பகுதியில் கசப்பும் பிசினுமான சத்துகள் சேர்ந்து அது வைரமாகிறது. பூஞ்சணத்தையும் கரையானையும் தடுத்து நிற்பது அந்தச் சத்துகள்தான்.

எந்த மரமாக இருந்தாலும் வெளிறு மண்ணில் நிலைக்காது. தேக்குக்கும் இதே கதைதான். தோட்டத்தில் இடைவெளிக்காக வெட்டி எடுத்த இளந்தேக்குக் கழியில் பெரும்பகுதி வெளிறு. பெயர் தேக்கு என்பதற்காக அதிக விலை கொடுத்துவிட வேண்டாம்.

எனவே கம்பத்தை அளக்கும்போது வைரத்தை மட்டும் அளக்க வேண்டும். மண்ணுக்குள் வெளிறு இற்றுப்போன பிறகு நமக்கு மிஞ்சுவது அதுதான். ஐந்து அங்குலக் கம்பத்தில் வைரம் இரண்டரை அங்குலம்தான் என்று வையுங்கள். வெளிறு போனால் கனம் பாதியாகும். ஆனால் முட்டுக்குத் தாங்கும் பலம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். நாலு அங்குலக் கம்பத்தில் வைரம் மூன்றரை அங்குலம் இருந்தால் அதுதான் நமக்கு லாபம்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்தின் வைரப் பகுதியிலும் சின்னக் கட்டைகள் அறுத்து, மண்ணில் பாதி புதைத்து, எத்தனை மாதம் தாங்குகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார்கள். நம் நாட்டுத் தர அளவுப்படி 120 மாதமும் அதற்கு மேலும் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் வகுப்பு. 60 மாதத்துக்குக் குறைந்தால் மூன்றாம் வகுப்பு. தேக்கு வைரம் முதல் வகுப்பு, மாமரம் மூன்றாம் வகுப்பு. இது எல்லாமே வைரத்துக்குச் சொன்ன கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

நம் பக்கம் கிடைக்கும் மரங்கள்

கருவேல்: ஏருக்கும் வண்டிக்கும் நம் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த மரம். வைரம் செம்பழுப்பாக, கனமாக இருக்கும். வெளிறை வண்டு சீக்கிரம் துளைத்துவிடும். முற்றிய மரத்துக் கம்பமாகப் பார்த்து எடுங்கள்.

சீமைக் கருவேல்: எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. வைரம் கெட்டி. ஆனால் விறகுக்கு வரும் மெல்லிய கழிகளில் வைரம் விரல் கனம்கூட இருக்காது. சில மாதத்திலேயே உளுத்து மாவாகக் கொட்டும். பழைய மரத்தின் அடிப்பகுதியில் நேரான துண்டு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். காட்டைச் சுத்தம் செய்வதோடு கம்பமும் கிடைக்கும்.

வேம்பு: முற்றிய வேம்பின் வைரம் கரையானுக்குத் தாக்குப்பிடிக்கும். இளங்கிளைகளை வேம்பு என்ற பெயருக்காக நட வேண்டாம்.

வெள்வேல்: கொறங்காட்டில் நிழலும் காயும் தரும் மரம். வேலிக்காக நிற்கிற மரத்தை வெட்டினால் கோடையில் மாட்டுக்குத் தீனி போய்விடும். பட்ட மரத்தையும் கழித்த பெரிய கிளையையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

பனை: இதில் கணக்கு தலைகீழ். மற்ற மரத்துக்கு வைரம் நடுவில், பனைக்கு வெளிச்சுற்றில். உள்ளே சோறு. கறுத்த வெளிப்பகுதியில் பிளந்த கட்டையைத்தான் எடுக்க வேண்டும். பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடங்களில் நல்ல பனஞ்சட்டங்கள் கிடைக்கும். விசாரித்துப் பாருங்கள்.

சவுக்கு, தைல மரம்: பார்க்க நேராக, அழகாக இருக்கும். பந்தல் போடவும் சாரம் கட்டவும் நல்லது. சில வருஷத்திலேயே வெட்டிவிடுவதால் பெரும்பகுதி வெளிறு. மண்ணில் புதைக்க ஏற்றதல்ல.

தென்னை, மா, இலவு, முருங்கை: காசு இல்லாமல் கொடுத்தாலும் வேலிக்கு வேண்டாம். குழி எடுக்கும் கூலியாவது மிஞ்சும்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய சோதனை

ஒன்று, இரண்டு முனையின் வெட்டுமுகத்தையும் பாருங்கள். காய்ந்து அழுக்கேறியிருந்தால் அரிவாளால் ஒரு சீவு சீவச் சொல்லுங்கள். வைரமும் வெளிறும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டு, தோலில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் இருக்கிறதா, தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் அது உளுத்த கம்பம்.

மூன்று, இன்னொரு கட்டையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே பொள்ளல் அல்லது மக்கல்.

நாலு, ஓர் ஆணியை நகத்தோடு சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். சுலபமாக இறங்கினால் ஒதுக்கி வையுங்கள்.

"எல்லாரும் இதைத்தாம்மா வாங்கிட்டுப் போறாங்க" என்று விற்பவர் சொல்வார். சொல்லட்டும். பொறுக்கி எடுக்க விட்டால்தான் வியாபாரம் என்று சொல்லிவிடுங்கள்.

தீயில் வாட்டுவது, எண்ணெய் பூசுவது

அடிப்பகுதியைத் தீயில் கருக்கி நடுவது பழைய வழக்கம். மேலே கருகிய தோலில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாக ஈரமும் பூஞ்சணமும் உள்ளே போய்விடும். வைரம் இல்லாத கம்பத்தை இப்படிக் கருக்கினால் காப்பாற்றிவிடலாம் என்று நம்பக் கூடாது.

வண்டி பழுதுபார்க்கும் கடையில் கழிவு எண்ணெய் வாங்கிப் பூசுகிறார்கள். அது மேலோடு நிற்கும், உள்ளே இறங்காது. அதில் உலோகக் கழிவுகள் உண்டு. ஆடு கம்பத்தை நக்கும், கடிக்கும். மேய்ச்சல் காட்டுக்கு அது வேண்டாம். கரையான் மருந்தைக் குழியில் ஊற்றுவதும் அப்படித்தான். நம் புல்லும் மாட்டின் பாலும் அந்த மண்ணிலிருந்துதான் வருகிறது.

பச்சை நிறம் ஏறிய, மருந்து ஏற்றிய கம்பங்களும் விற்பனைக்கு வருகின்றன. இந்த முறையில் ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் என்ற விஞ்ஞானி தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கலவை கண்டுபிடித்தார். அழுத்தத்தில் ஏற்றும்போது அது வெளிறுக்குள்ளும் இறங்கிவிடும். உலகம் முழுக்க மின்கம்பங்களுக்குப் பயன்பட்டது. கம்பம் பல வருஷம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் ஆர்சனிக் விஷம். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இந்தக் கலவை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே ஆடு கடிக்கும் இடத்தில் இந்தக் கம்பம் வேண்டாம். இன்னொன்றையும் முக்கியமாகச் சொல்கிறோம்: அதன் துண்டுகளை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பில் வைக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். விறகு என்று நினைத்து எடுத்து வருவது நாமும் நம் பிள்ளைகளும்தான்.

உயிருள்ள கம்பம்

"ஒதி பெருத்தால் உத்தரமாகுமா?" என்று பழமொழி சொல்வோம். உத்தரத்துக்கு ஆகாது என்பது சரி. ஆனால் வேலிக்கு ஒதியன் ஆகும். கை கனத்துப் போத்து வெட்டி நட்டால் வேர் பிடித்துத் தானே மரமாக நிற்கும். உயிரோடு இருக்கும் கம்பம் தரை மட்டத்தில் இற்றுப்போவதில்லை. அதனால் வைரமா வெளிறா என்ற கேள்வியே அங்கே எழாது.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகளை ஆள் இல்லாமல் உள்ளே விட்டு மேய்ப்பது அந்த வேலியை நம்பித்தான். முள்கிளுவைப் போத்து வறட்சியைத் தாங்கும், நெருக்கி நட்டால் ஆடுகூட நுழையாது. தண்ணீர் வசதியுள்ள இடங்களில் பூவரசும் ஒதியனும் நன்றாகப் பிடிக்கும். கிளைரிசிடியா நட்டால் வேலியோடு ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும்.

போத்து நடும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடுங்கள். அடி கீழே, நுனி மேலே இருக்க வேண்டும், மாறக் கூடாது. ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். முதல் வருஷம் ஆடு தோலை உரிக்காமல் இருக்க முள் கட்டுங்கள். வேர் பிடிக்காத போத்தில் கம்பியை இழுத்துக் கட்டக் கூடாது. ஆடினால் வேர் அறுந்துவிடும். கம்பியின் இழுவையை வைரக் கம்பங்கள் தாங்கட்டும். போத்தில் கம்பியைத் தளர்வாகப் பிடிப்பித்தால் போதும்.

ஒரு ஏக்கருக்குக் கணக்கு

சதுரமான ஓர் ஏக்கருக்குப் பக்கம் சுமார் 209 அடி, சுற்றளவு சுமார் 836 அடி. எட்டு அடிக்கு ஒன்று என்றால் 105 கம்பம் வேண்டும். கம்பிச் செலவு எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். அதனால் கம்பத்தை மட்டும் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்குப் பழகுவதற்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் வழி, வெளிறுக் கம்பம். கம்பம் 80 ரூபாய், குழிக்கும் நடவுக்கும் 60 ரூபாய். 105 கம்பத்துக்கு 14,700 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் பத்து வருஷத்தில் ஐந்து முறை, 73,500 ரூபாய்.

இரண்டாம் வழி, எல்லாமே வைரக் கம்பம். கம்பம் 220, நடவு 60. ஒரே முறை 29,400 ரூபாய். பத்து வருஷத்துக்கு நல்லதுதான். ஆனால் எடுத்த எடுப்பில் இத்தனை பெரிய கடன் எல்லோராலும் தாங்க முடியாது.

மூன்றாம் வழி, இரண்டும் கலந்தது. நாற்பது அடிக்கு ஒரு வைரக் கம்பம், மூலைகளும் இதில் அடக்கம், 21. படலுக்கு 2. மூலைக்கு இரண்டு சாய்வு முட்டு வீதம் 8. மொத்தம் 31. இதற்கு 8,680 ரூபாய். இடையில் வரும் 84 இடத்திலும் போத்து. முள் கட்டுவது உட்பட ஒன்றுக்கு 40 என்றாலும் 3,360 ரூபாய். ஆக 12,040 ரூபாய். முதல் வழியைவிடவும் குறைவு. பட்டுப்போன போத்தை மறு வருஷம் மாற்ற இன்னும் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கம்பியோரம் அடிக்கு ஒரு கிளுவைப் போத்தை வருஷா வருஷம் சேர்த்து நட்டுக்கொண்டே வந்தால், வைரக் கம்பம் வயதாகும் காலத்தில் உயிர்வேலியே காவலுக்கு வந்துவிடும். அப்புறம் வேலிக்கென்று கடன் வாங்க வேண்டியதே இல்லை.

நடும் முறை

கம்பத்தின் தோலை முழுக்க உரித்துவிடுங்கள். வண்டும் கரையானும் குடியிருப்பது தோலுக்கு அடியில். வெட்டியதை அப்படியே மண்ணில் போடாமல் கல் மேல் அடுக்கி நிழலில் காயவிடுங்கள்.

ஏழு அடிக் கம்பத்துக்கு இரண்டு அடி ஆழம். மூலைக்கும் படலுக்கும் எட்டு அடிக் கம்பம் எடுத்து இரண்டரை அடியாவது புதையுங்கள். குழியின் அடியில் கொஞ்சம் சரளை போட்டால் தண்ணீர் தேங்காது. மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல் அரை அடிக்கு ஒரு முறை கடப்பாரையால் கெட்டிக்க வேண்டும். கடைசியில் கம்பத்தைச் சுற்றி மண் மேடாக, வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். சுற்றிப் பள்ளம் விழுந்தால் மழைத் தண்ணீர் நிற்பது தரை மட்டத்தில்தான். சிமெண்டு போடுவதானால் அடிப்பக்கம் மூடாமல் விடுங்கள். மூடினால் கிண்ணத்தில் வைத்தது மாதிரி தண்ணீருக்குள் கம்பம் நிற்கும். மேல்முனையைச் சாய்வாகச் சீவுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை மழைக்கு முன்னால் ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒரு சாண் மண்ணைத் தள்ளி, கம்பியால் குத்திப் பாருங்கள். கரையான் மண்வரி ஏறியிருந்தால் சுரண்டிவிடுங்கள். ஒரு கம்பம் போனால் அதை மட்டும் மாற்றலாம். கவனிக்காமல் விட்டால் கம்பி இழுத்துப் பக்கத்துக் கம்பமும் சாயும்.

அனுமதியும் தேவை

புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் மரம் நம்முடையதல்ல. பனை மரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்துக்கும் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுக்கொண்டு, வாங்கிய இடத்தின் ரசீதைக் குழுக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்க

1. வேலிக் கடன் தீர்மானத்தில் எந்த மரம், எத்தனை கம்பம், வைரம் எத்தனை அங்குலம் என்று எழுதலாமா?

2. கம்பம் வாங்கப் போகும்போது கடன் வாங்கும் உறுப்பினரோடு இன்னும் இரண்டு பேர் போவார்களா? யார் யார்?

3. நாலைந்து பேர் சேர்ந்து மர உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினால் வண்டி வாடகை எவ்வளவு குறையும்?

4. கிளுவை, ஒதியன், பூவரசுப் போத்து நம் ஊரில் யார் வேலியில் இருக்கிறது? கேட்டால் கொடுப்பார்களா?

5. தவணைக் காலம் எத்தனை மாதம்? வாங்கப் போகும் கம்பம் அதைவிட அதிக நாள் நிற்குமா?

ஐந்தாவது கேள்விக்கு "நிற்கும்" என்று உறுதியாகப் பதில் வந்த பிறகு கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.